இரண்டு விடைகளும் சரியாகத் தோன்றினால்?

கேள்வி: ஐயா, எஸ்.எஸ்.சி. என்னும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வுக்கு வீட்டிலிருந்தே படித்து வருகிறேன். பயிற்சி நூலொன்றில், ‘ஏ-சி-எஃப், ஜி-ஐ-எல், எம்-ஓ-ஆர், எஸ்-யூ-டபிள்யூ ஆகியவற்றுள் பொருந்தாதது எது?’ என்று கேட்டிருந்தார்கள். முதல் தொகுதியில் மட்டும் உயிரெழுத்து தொடக்கத்தில் இருக்கிறது, மற்ற மூன்றிலும் நடுவில் இருக்கிறது என்பதால் ஏ-சி-எஃப் என்று குறித்தேன். நூலில் எஸ்-யூ-டபிள்யூ என்று விடை போட்டிருக்கிறது. என் விடையில் என்ன தவறு?
– வாசகி, விருதுநகர்

பதில்: நீங்கள் கண்டது பொய்யான வேறுபாடு அன்று, உயிரெழுத்தின் இடத்தை வைத்துப் பார்த்தால் ஏ-சி-எஃப் உண்மையாகவே விலகித்தான் நிற்கிறது. ஆனால் ஏ-க்கு 1, இசட்டுக்கு 26 என்று ஆங்கில எழுத்துகளின் வரிசை எண்களை எழுதிப் பாருங்கள். முதல் மூன்று தொகுதிகள் 1-3-6, 7-9-12, 13-15-18 என்று வருகின்றன; மூன்றிலும் முதலில் 2, அடுத்து 3 கூடுகிறது. எஸ்-யூ-டபிள்யூ மட்டும் 19-21-23, அதாவது இரண்டு முறையும் 2.

இப்படி இரண்டு விதிகள் போட்டியிடும்போது எதை ஏற்பது என்பதற்கு நான் மாணவர்களிடம் சொல்லும் சோதனை ஒன்று உண்டு: முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, நீங்கள் கண்ட விதியால் மீதி எழுத்துகளைத் திரும்ப எழுத முடிகிறதா என்று பாருங்கள். ஜி என்ற எழுத்தோடு 2, 3 என்ற இடைவெளி விதியைச் சேர்த்தால் ஜி-ஐ-எல் என்ற ஒரே தொகுதிதான் கிடைக்கும். ‘நடுவில் உயிரெழுத்து, இறுதியில் மெய்யெழுத்து’ என்ற விதியைச் சேர்த்தாலோ, 5 உயிரெழுத்துகளும் 21 மெய்யெழுத்துகளும் இணைந்து 105 தொகுதிகள் கிடைக்கும். ஒரே ஒரு தொகுதியைச் சுட்டும் விதியை வைத்துத்தான் வினா எழுதியவர் அதைக் கட்டியிருப்பார். மற்றது தற்செயலாக அமைந்தது.

அண்மைக்கால எஸ்.எஸ்.சி. வினாத்தாள்களில் இத்தகைய வினாவின் கீழேயே, உயிரெழுத்து, மெய்யெழுத்துகளின் எண்ணிக்கையையோ அவை நிற்கும் இடத்தையோ கொண்டு பொருந்தாததை முடிவு செய்யக்கூடாது என்ற குறிப்பையும் தருகிறார்கள். உங்கள் பயிற்சி நூல் அந்தக் குறிப்பை விட்டுவிட்டது. குறை நூலில்தான் இருக்கிறது, உங்களிடம் இல்லை. ஆனால் தேர்வு அறையில் அந்த ஒற்றை வரியைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள்.

கேள்வி: எழுத்தின் எண்ணைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் ஏ-யிலிருந்து விரல்விட்டு எண்ணுகிறேன். இதற்கே நேரம் போய்விடுகிறது.
– வாசகர், பெரம்பலூர்

பதில்: முதல்நிலைத் தாளில் 60 நிமிடங்களுக்கு 100 வினாக்கள், அதாவது ஒரு வினாவுக்கு 36 நொடிகள்தாம். அதனால் 5, 10, 15, 20, 25 ஆகிய இடங்களில் வரும் இ, ஜே, ஓ, டி, ஒய் என்ற ஐந்து எழுத்துகளை, பயிற்சி மையங்களில் சொல்வதுபோல் ‘இஜோட்டி’ என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதன்பின் ஆர் வேண்டுமென்றால் ஓ-வின் 15-லிருந்து மூன்று தாண்டினால் 18. ஏ-யிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது, ஒரு மாணவி தன் வெள்ளைத்தாளில் போட்டுக் காட்டிய இரண்டு வரிகள். மேல் வரியில் ஏ முதல் எம் வரை 13 எழுத்துகளை இடமிருந்து வலமாக எழுதினார். எம்-க்கு நேர் கீழே என் என்று தொடங்கி, மீதி 13 எழுத்துகளை வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டே வந்து, ஏ-க்குக் கீழே இசட்டில் முடித்தார். மேலும் கீழுமாக நிற்கும் எந்த இரண்டு எழுத்துகளின் எண்களைக் கூட்டினாலும் 27 வரும். வி-இ, எச்-எஸ், ஐ-ஆர், கே-ஓ என்று வினா வந்தால், இடைவெளிகளைக் கணக்கிட்டுத் திணற வேண்டாம். நான்கும் நான்கு விதமாக இருக்கும். இடைவெளிகளில் ஒழுங்கே தென்படாதபோது கூட்டிப் பாருங்கள்: முதல் மூன்றும் 27, கே-ஓ மட்டும் 26. (பி, டி என்று தமிழில் ஒரே வடிவில் வரும் எழுத்துகள் குழப்பும் என்பதால், எடுத்துக்காட்டுகளில் அவற்றைத் தவிர்த்திருக்கிறேன்.)

இசட்டைத் தாண்டிச் செல்லும் தொகுதிகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். எக்ஸ்-ஏ-இ என்பதை 24-1-5 என்று எழுதினால் ஒன்றும் புரியாது. வட்டமாகச் சுற்றி வருவதாகக் கொண்டு, இசட்டுக்குப் பின் வரும் எழுத்துகளோடு 26-ஐச் சேருங்கள். 24-27-31 என்று மாறியதும் 3, 4 என்ற இடைவெளி தெரிந்துவிடும்.

கேள்வி: இரண்டு தெரிவுகளுக்கு இடையே முடிவு செய்ய முடியாவிட்டால் விட்டுவிடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறுக்கு 0.50 கழிவு என்பதால், இரண்டில் ஒன்று உறுதி என்ற நிலையில் குறித்தால் சராசரியாக 0.75 மதிப்பெண் ஆதாயம். ஆனால் முதலில் மேற்சொன்ன சோதனையைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு தெரிவு அங்கேயே விழுந்துவிடும். ஒரு நிமிடம் கடந்தும் பிடிபடவில்லையென்றால், மறுபார்வைக்கு என்று அடையாளமிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போங்கள்.