அக்காவின் சர்வீஸ் பெஞ்ச்: பில்ட் புதுசு, சேவ் பத்திரம்

இந்த முறை பிரின்டர் கேள்விகளை ஓரம் கட்டிவிட்டேன். பழைய கேம்களை கம்ப்யூட்டரிலும் போனிலும் ஓட்டும் எமுலேட்டர்களைப் பற்றி, அதிலும் இன்னும் முறையாக வெளியாகாத சோதனைப் பதிப்புகளை, அதாவது சோதனை ‘பில்ட்’களைப் பற்றி, அத்தனை கடிதங்கள். விடுமுறை விட்டாச்சு என்று புரிகிறது.

அக்கா, பிளேஸ்டேஷன் 2 (பி.எஸ்.2) கேம் மெஷினுக்கான எமுலேட்டர் பி.சி.எஸ்.எக்ஸ்.2-வில் கிரான் டூரிஸ்மோ 4 என்ற கார் ரேஸ் கேம் ஆடுகிறேன். 78 சதவீதம் முடித்துவிட்டேன். நைட்லி பில்டில் (அடிக்கடி தானாக வெளியாகும் சோதனைப் பதிப்பு) படம் இன்னும் தெளிவாக வருகிறது என்கிறான் நண்பன். போட்டால் என் சேவ் (ஆட்டத்தின் பதிவு) போய்விடுமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

போட்டுப் பாருங்கள் தம்பி. ஆனால் இப்போது ஆடிக்கொண்டிருக்கும் ஃபோல்டரின் மேலேயே புது பில்டை அன்ஜிப் செய்யாதீர்கள். சோதனை பில்ட் கிராஷ் ஆனால் மூடிவிட்டுத் திரும்பத் திறக்கலாம், அதில் ஒன்றும் நஷ்டமில்லை. நஷ்டம் வருவது அந்த பில்ட் உங்கள் மெமரி கார்டு ஃபைலில் கை வைக்கும்போதுதான்.

முதலில் இரண்டு வகை சேவ்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். கேமுக்குள் போய் சேவ் கொடுத்தால் அது மெமரி கார்டில் எழுதப்படுகிறது. நிஜ பி.எஸ்.2-வின் 8 எம்.பி. கார்டு எப்படியோ, அப்படியே ஒரு ஃபைல். கேம் தன் பழைய முறையிலேயே எழுதுவதால் எந்த பில்டும் அதைப் படிக்கும். இன்னொன்று சேவ் ஸ்டேட், ஒரு கீயை அழுத்தினால் அந்த நொடியை அப்படியே உறைய வைப்பது. அதில் பி.எஸ்.2-வின் 32 எம்.பி. மெமரி மட்டுமல்ல, எமுலேட்டரின் உள்விவகாரங்களும் சேர்ந்தே பதிவாகின்றன. டெவலப்பர் உள்ளே ஏதாவது மாற்றினால் பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம். உங்கள் 78 சதவீதம் வெறும் ஸ்டேட்டில் இருந்தால், இன்றே பழைய பதிப்பில் அதைத் திறந்து, கேமுக்குள் போய் கார்டில் ஒருமுறை சேவ் செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

சரி, இப்போது நைட்லிக்குத் தனி ஃபோல்டர். பெயரிலேயே பில்ட் எண்ணைப் போட்டுவிடுங்கள், பின்னால் உதவும். அதை அன்ஜிப் செய்ததும், திறப்பதற்கு முன்பே, எமுலேட்டர் இருக்கும் அதே இடத்தில் ‘போர்ட்டபிள்’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு வெற்று டெக்ஸ்ட் ஃபைலை உருவாக்குங்கள். அது இருந்தால் எமுலேட்டர் தன் செட்டிங், கார்டு, ஸ்டேட் எல்லாவற்றையும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். டாக்குமென்ட்ஸ் பக்கம் எட்டிப் பார்க்காது. நின்டெண்டோவின் கேம்கியூப், வீ மெஷின்களுக்கான எமுலேட்டர் டால்ஃபினிலும் இதே வழிதான்.

கடைக்கு வருபவர்களில் நிறைய பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. விண்டோஸில் ஃபைல் பெயரின் கடைசியில் வரும் டி.எக்ஸ்.டி. பெரும்பாலும் மறைந்திருக்கும். அது தெரியாமல் அதையும் சேர்த்து டைப் செய்தால் பெயர் ‘போர்ட்டபிள் டாட் டி.எக்ஸ்.டி. டாட் டி.எக்ஸ்.டி.’ ஆகிவிடும். எமுலேட்டர் அதைக் கண்டுகொள்ளாது, வழக்கம்போல பழைய ஃபோல்டருக்கே போய் நிற்கும். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் எக்ஸ்டென்ஷன் காட்டும் டிக்கைப் போட்டுவிட்டு உருவாக்குங்கள். சரியாகச் செய்திருந்தால் பி.சி.எஸ்.எக்ஸ்.2 உங்களை முன்பின் தெரியாதவர் போல மொழி என்ன, பயாஸ் (பி.எஸ்.2-வின் அடிப்படை மென்பொருள்) எங்கே என்று முதலிலிருந்து கேட்கும். டால்ஃபின் என்றால் பக்கத்திலேயே ‘யூசர்’ என்று புது ஃபோல்டர் முளைக்கும். நேராக உங்கள் பழைய கேம் பட்டியலோடு திறந்தால் உடனே மூடுங்கள், தனியாகப் பிரியவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக, மெமரி கார்டு ஃபைலை மட்டும் காப்பி எடுத்துப் புது ஃபோல்டருக்குள் வையுங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம், காப்பிதான். செட்டிங் ஃபைலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதில் பழைய ஃபோல்டரின் முகவரி எழுதியிருந்தால் புது பில்ட் திரும்ப அசல் கார்டிலேயே எழுத ஆரம்பித்துவிடும்.

டால்ஃபின் தளத்தில் எந்தப் பதிப்பை எடுப்பது? ‘டெவலப்மென்ட்’ என்றாலே ஆபத்தானதா?
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டால்ஃபின் 5.0 வந்தது 2016 ஜூனில். அதற்கடுத்த முறையான வெளியீடு 2024 ஜூலையில்தான், 2407 என்ற பெயரில். முதல் இரண்டு எண் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். இடைப்பட்ட எட்டு வருடமும் 5.0-க்குப் பின்னால் எண் ஏறி ஏறி இருபதாயிரத்தைத் தாண்டியது. அந்தக் காலத்தில் ‘ஸ்டேபிள்தான் வேண்டும்’ என்று 5.0-வைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள், எப்போதோ சரிசெய்யப்பட்ட பக்குகளோடு (பிழைகளோடு) ஆடிக்கொண்டிருந்தார்கள். பி.சி.எஸ்.எக்ஸ்.2-விலும் ஏறக்குறைய இதே கதை: 1.6 வந்தது 2020-இல், 2.0 வந்தது 2024-இல், நடுவில் முழுக்க 1.7 நைட்லிகள்.

ஆகவே வெறுமனே ஆட வேண்டும் என்றால் இப்போதைய வெளியீடு போதும். உங்கள் கேமுக்கான திருத்தம் ஒன்று அதற்குப் பிறகு வந்திருக்கிறது என்று மாற்றக் குறிப்பில் பார்த்தால் மட்டும் டெவலப்மென்ட் பில்டுக்குப் போங்கள். காரணமே இல்லாமல் தினமும் அப்டேட் செய்வது, என்னைக் கேட்டால், வேலை இல்லாத வேலை. புது பில்டில் ஷேடர்கள் என்னும் படம் வரையும் சிறு நிரல்களைத் திரும்பத் தொகுக்க வேண்டி வந்தால் முதல் சில நிமிடம் கேம் திக்கித் திக்கி ஓடும். அதைப் பார்த்து ‘புது பில்ட் ஸ்லோ’ என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், ஒரே இடத்தை இரண்டாவது முறை ஆடிவிட்டுச் சொல்லுங்கள்.

போனில் ஸ்டோரிலிருந்து போட்ட பி.எஸ்.பி. (சோனியின் கையடக்க கேம் மெஷின்) எமுலேட்டர் இருக்கிறது. சோதனை ஏ.பி.கே. (ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) இறக்கினால் ‘ஆப் இன்ஸ்டால் ஆகவில்லை’ என்கிறது. பழையதை அன்இன்ஸ்டால் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா மேடம்?
– இல்லத்தரசி, ஓசூர் (ஆடுவது நான்தான், மகன் இல்லை)

மகன் இல்லை என்று சொன்னதற்கே தனியாக ஒரு வணக்கம். கொஞ்சம் பொறுங்கள், அன்இன்ஸ்டாலை உடனே அழுத்தாதீர்கள்.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் அதைச் செய்தவரின் டிஜிட்டல் கையெழுத்தோடுதான் வரும். ஸ்டோரில் வந்ததற்கும் நீங்கள் இறக்கியதற்கும் ஆப்பின் உள்பெயர் ஒன்றாகவும் கையெழுத்து வேறாகவும் இருந்தால், ஒன்றின் மேல் இன்னொன்றைப் போட போன் விடாது. இருப்பதைவிடப் பழைய எண் கொண்டதையும் விடாது. இது நல்ல காவல்தான். சிக்கல் என்னவென்றால், அன்இன்ஸ்டால் செய்தால் ஆப்புக்கென்று ஒதுக்கப்பட்ட தனி ஃபோல்டரும் அதோடு சேர்ந்து அழிந்துவிடும். சேவ் அங்கே இருந்தால் அதுவும் போச்சு.

உங்களுடையது பி.பி.எஸ்.எஸ்.பி.பி. என்ற எமுலேட்டர் என்றால், ஆண்ட்ராய்டு 11-க்குப் பிந்தைய போன்களில் முதல் முறை திறக்கும்போதே பி.எஸ்.பி. ஃபோல்டரை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கும். பொதுவான இடத்தில் ஒரு ஃபோல்டரைக் காட்டியிருந்தால் அன்இன்ஸ்டால் செய்தாலும் அது இருக்கும். ஆப்பின் சொந்த இடத்தையே தேர்ந்திருந்தால் இருக்காது. எது என்று செட்டிங்கில் பாருங்கள். பிறகு அதற்குள் ‘சேவ்டேட்டா’ ஃபோல்டரை எஸ்.டி. கார்டுக்கோ கம்ப்யூட்டருக்கோ காப்பி செய்து, அந்தக் காப்பியை ஒருமுறை திறந்து உள்ளே உங்கள் கேமின் படம் தெரிகிறதா என்று பார்த்த பிறகு அன்இன்ஸ்டால் செய்யுங்கள். வீட்டில் பழைய போன் சும்மா கிடந்தால் சோதனையை அதில் செய்வது இன்னும் நிம்மதி.

பல எமுலேட்டர்களை ஒரே ஆப்பில் ஓட்டும் ரெட்ரோஆர்க்கின் நைட்லியில் ஆடும்போது கேமுக்குள்ளேயே சேவ் செய்தேன். ஐந்து நிமிடத்தில் கிராஷ். திறந்து பார்த்தால் சேவ் இல்லை. கேமுக்குள் சேவ் செய்தால் போகாது என்றுதானே சொல்வார்கள்?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

கேம் ஒழுங்காக எழுதிவிட்டது, ஆனால் எழுதியது எமுலேட்டரின் மெமரியில். ரெட்ரோஆர்க் அதை டிஸ்கில் ஃபைலாக இறக்குவது பல கோர்களில் (உள்ளே ஓடும் தனித்தனி எமுலேட்டர்களில்) கேமை மூடும்போதுதான். மூடுவதற்குள் கிராஷ் ஆனால் டிஸ்குக்கு ஒன்றும் வந்திருக்காது. செட்டிங்ஸில் சேவிங் பகுதிக்குள் ‘சேவ்ராம் ஆட்டோசேவ் இன்டர்வல்’ என்று ஒன்று இருக்கிறது. பத்து விநாடி என்று வையுங்கள். அப்படியே ‘ஆட்டோ லோட் ஸ்டேட்’ ஆனில் இருந்தால் சோதனை ஃபோல்டரில் அதை ஆஃப் செய்யுங்கள். பழைய ஸ்டேட் தானாக ஏறி, அதற்குப் பிறகு கேமுக்குள் செய்த சேவ்-ஐ மூடி மறைத்துவிடும் வாய்ப்பு உண்டு.

இவற்றில் வைரஸ் வருமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி (பேரனுக்காக)

ஐயா, எமுலேட்டரைச் செய்பவர்களின் சொந்தத் தளத்திலோ கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் தளம்) உள்ள அவர்களின் பக்கத்திலோ எடுத்தால் பெரிதாகப் பயமில்லை. வீடியோவின் கீழே கொடுக்கும் லிங்க், தேடலில் மேலே வரும் விளம்பரம், பாஸ்வேர்டு போட்டுத் திறக்க வேண்டிய ஜிப் – இந்த மூன்றும் வேண்டாம். சோதனை பில்டுகளில் பல கையெழுத்திடப்படாதவை என்பதால் விண்டோஸ் நீலப் பெட்டி காட்டித் தடுக்கும். அது ‘எனக்கு இதைத் தெரியாது’ என்கிறதே தவிர வைரஸ் என்று சொல்லவில்லை; இடம் சரியா என்று இன்னொரு முறை பார்க்க நல்ல சந்தர்ப்பம். தளத்தில் எஸ்.எச்.ஏ. 256 எண் (ஃபைல் மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) கொடுத்திருந்தால் விண்டோஸிலேயே உள்ள ‘செர்ட்யுட்டில்’ கட்டளையால் ஒப்பிடலாம். அட்மினாக ஓட்டச் சொன்னால் மட்டும் ஓட்டவே வேண்டாம், ஒரு எமுலேட்டருக்கு அது தேவையில்லை.

ஒரு பக் கண்டுபிடித்தேன். ‘கேம் சரியாக ஓடவில்லை’ என்று டெவலப்பர்களுக்குப் புகார் எழுதிப் போட்டேன். மூடிவிட்டார்கள். ஏன் இப்படி?
– பொறியியல் மாணவி, கோவை

அந்த ஒரு வரியை வைத்து அவர்கள் என்னதான் செய்வார்கள், சொல்லுங்கள். சம்பளம் இல்லாமல் ராத்திரி உட்கார்ந்து வேலை செய்பவர்கள்.

முதலில் செட்டிங்கை எல்லாம் இயல்புநிலைக்குக் கொண்டுவந்து, சீட் கோடுகளை (ஏமாற்றி ஆடும் குறியீடுகளை) எடுத்துவிட்டு, அதே தவறு வருகிறதா பாருங்கள். பி.சி.எஸ்.எக்ஸ்.2-வில் எஃப்9 தட்டினால் படத்தை ப்ராசஸரே வரையும் சாஃப்ட்வேர் ரெண்டரருக்கு மாறும். அதில் படம் சரியாகிவிட்டால் கோளாறு கிராஃபிக்ஸ் கார்டு வரையும் ஹார்டுவேர் ரெண்டரர் பக்கம் என்று பாதி துப்பு கிடைத்துவிடும்.

அடுத்தது எந்த பில்டில் உடைந்தது என்பது. வரிசையாக ஒவ்வொன்றாக இறக்க வேண்டாம். 200 பில்ட் இடைவெளி இருந்தால் நடுவில் உள்ளதை ஓட்டுங்கள். அதில் நன்றாக இருந்தால் தவறு பின்பாதியில், இல்லாவிட்டால் முன்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் எட்டு முறைக்குள் குற்றவாளி பில்ட் எண் சிக்கிவிடும். கிட்ஹப்பின் தானியங்கி பில்ட்களை மட்டும் தள்ளிப்போடாமல் இறக்கிவிடுங்கள். அவர்களாக மாற்றாவிட்டால் 90 நாளில் காணாமல் போய்விடும், இறக்க லாகினும் வேண்டும்.

கிராஃபிக்ஸ் கோளாறு என்றால் டால்ஃபினில் ஃபிஃபோ லாக், பி.சி.எஸ்.எக்ஸ்.2-வில் ஜி.எஸ். டம்ப் எடுக்கலாம். அந்தச் சில ஃப்ரேம்களுக்கு கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போன கட்டளைகள் மட்டும் அதில் இருக்கும். டெவலப்பரிடம் அந்த கேம் இல்லாவிட்டாலும் உங்கள் தவறை அவர் தன் திரையில் பார்க்கலாம். நன்றாக ஓடிய கடைசி பில்ட், உடைந்த முதல் பில்ட், கிராஃபிக்ஸ் கார்டு, டிரைவர் பதிப்பு, எந்த இடத்தில் என்ன செய்தால் வருகிறது – இதோடு அந்த டம்பையும் போட்டு எழுதிப் பாருங்கள். இந்த முறை மூட மாட்டார்கள்.

‘மேம்’ என்ற ஆர்கேட் (காசு போட்டு ஆடும் பெட்டி) எமுலேட்டரின் புதுப் பதிப்பைப் போட்டதும் நேற்று வரை ஓடிய கேம் ‘ஃபைல் இல்லை’ என்கிறது. இது பக் தானா?
– மளிகைக் கடைக்காரர், தேனி

பக் இல்லை அண்ணே. 1997-இலிருந்து வளரும் மேமின் நோக்கமே பழைய ஆர்கேட் போர்டுகளை உள்ளது உள்ளபடி ஆவணப்படுத்துவது. ஒரு சிப்பிலிருந்து இன்னும் துல்லியமான நகல் கிடைத்தால் பட்டியலை மாற்றிவிடுவார்கள், உங்களிடம் இருப்பது பழைய பட்டியலுக்கானது. எது பொருந்தவில்லை என்று ‘வெரிஃபைராம்ஸ்’ கட்டளை பெயரோடு சொல்லும். பழைய மேமையும் அதன் ஃபைல்களையும் ஒரே ஃபோல்டரில் அப்படியே விட்டுவிட்டு, புதியதைப் பக்கத்தில் தனியாகப் போடுங்கள். இரண்டும் சண்டை போடாது.

அக்கா, பி.எஸ்.2 பயாஸ் ஃபைலை மெயிலில் அனுப்ப முடியுமா?
– பல பேர், பல ஊர்

முடியாது. எமுலேட்டர் எழுதுவது வேறு விஷயம். பயாஸ் சோனியின் பதிப்புரிமைச் சரக்கு. வீட்டுப் பரணில் பழைய பி.எஸ்.2 இருந்தால் அதிலிருந்தே எடுக்கும் முறை பி.சி.எஸ்.எக்ஸ்.2 ஆவணங்களில் இருக்கிறது. மெஷின் ஆன் ஆகவில்லை என்றால் கடைக்குக் கொண்டு வாருங்கள், பவர் போர்டைப் பார்க்கலாம்.