சுட்ட தோட்டாவை வீட்டில் நிரப்பினால் காசு மிச்சமாகுமா?

கேள்வி: டெக்சஸில் கிரீன் கார்டில் இருக்கிறேன். 9 எம்.எம். பிஸ்டலில் வாரம் 100 தோட்டா, சுட்டுப் பழகும் ரேஞ்சில் சுடுவேன். கூட வரும் நண்பர், "கூட்டைத் தூக்கிப் போடாதே, வீட்டிலேயே ரீலோட் பண்ணு, பாதி விலைதான்" என்கிறார். 500 டாலருக்கு தோட்டா நிரப்பும் பிரஸ் செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வீட்டுக்காரம்மா முறைக்கிறார். வாங்கலாமா?
– வாசகர், ஆஸ்டின்

பதில்: இந்த விஷயத்தில் நான் உங்கள் வீட்டுக்காரம்மா கட்சி. தோட்டாவில் நாலு சாமான்: பித்தளைக் கூடு, அடியில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் குப்பி), உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. சுட்ட பிறகு கையில் மிஞ்சுவது கூடு மட்டும்தான், மற்ற மூன்றும் கடையில் வாங்க வேண்டியவை. இன்றைக்குக் குண்டு சுமார் 9 சென்ட், பிரைமர் 7 சென்ட். மருந்து ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெய்ன், 9 எம்.எம்.முக்கு ஒன்றுக்கு 5 கிரெய்ன் வாக்கில் போகும் (கணக்குக்காகச் சொல்கிறேன், இதையே அளவாக வைத்துவிடாதீர்கள்), 40 டாலர் டப்பாவில் 1,400 தோட்டா, ஆக 3 சென்ட். மொத்தம் 19. கடையில் புதுத் தோட்டாவே 25 சென்ட் வாக்கில் கிடைக்கிறது. மிச்சம் 6 சென்ட், வாரத்துக்கு 6 டாலர். போட்ட 500-ஐ எடுக்கவே ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொன்றாக அழுத்தும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் என்றால் 100 தோட்டாவுக்கு ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும், அந்த நேரத்துக்கு நான் கூலியே போடவில்லை! மருந்தையும் பிரைமரையும் ஆன்லைனில் தருவித்தால் ஆபத்தான சரக்கு என்று தனிக் கட்டணம் வேறு.

அப்போ நண்பர் பொய் சொல்கிறாரா? இல்லை. அவர் நீளத் துப்பாக்கிக்காரராக, அதாவது ரைஃபிள் ஆளாக இருப்பார். .308 ரைஃபிளுக்கான மேட்ச் (போட்டி ரக) தோட்டா ஒன்றரை டாலர் வாக்கில், அதைவிடப் பெரிய .338 லபுவா அதற்கும் மேல், அங்கே பாதி மிச்சம் என்பது நிஜம். போதாததற்குத் தன் துப்பாக்கிக்குத் தோதாக நிரப்பிக்கொண்டால் குறியும் நன்றாக விழும், அந்த ருசி கண்டவர்கள் விடமாட்டார்கள். ஆனால் ரீலோடிங்காரர்களே ஒத்துக்கொள்வதைக் கேளுங்கள்: செலவு குறையாது, அதே செலவில் அதிகம் சுடுவோம், அவ்வளவுதான். 2020-21 தட்டுப்பாட்டில் 30 டாலர் சொச்சத்துக்கு விற்ற 1,000 பிரைமர் 100 டாலரைத் தாண்டியது. முன்னாடியே வாங்கிப் பதுக்கியவர்கள் மட்டும் சிரித்தார்கள்.

நானும் டெக்சஸில் இருந்தபோது கராஜில் இதைச் செய்தவன்தான். கைப்பிடியை இழுத்ததும் பழைய பிரைமர் 'டிக்' என்று கீழே விழுவதும், கூடு மறுபடி அளவுக்குச் சுருங்கி வருவதும் பார்க்கச் சுகமாகத்தான் இருக்கும். ஒருநாள் போன் வந்தது, பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஒரு கூட்டில் மருந்து விழவில்லை போலிருக்கிறது, அடுத்த வாரம் ரேஞ்சில் 'டுமீல்' வர வேண்டிய இடத்தில் 'டப்' என்று ஒரு நோஞ்சான் சத்தம். பிரைமரின் வேகத்திலேயே குண்டு நகர்ந்து குழலுக்குள் சிக்கிக்கொண்டது. பக்கத்து வரிசைப் பெரியவர் "ஸ்டாப்!" என்று கத்தாவிட்டால் நான் அடுத்ததைச் சுட்டிருப்பேன், குழல் வெடித்திருக்கலாம். மருந்து இரண்டு தடவை விழுந்தால் இதைவிட மோசம், 9 எம்.எம். கூட்டில் அப்படி விழுந்தாலும் பல மருந்துகள் வெளியே வழியாது. அன்றிலிருந்து மருந்து போட்ட 50 கூட்டையும் தட்டில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பேன். அளவை அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள், யூடியூபில் யாரோ சொன்னதை வேண்டாம். பிரைமரில் ஈயம் இருக்கிறது, வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

பொழுதுபோக்காக என்றால் வாங்குங்கள், சிக்கனம் என்று வீட்டில் சொல்லி வாங்காதீர்கள்.

கேள்வி: நிரப்பிய தோட்டாவை நண்பர்களுக்கு விற்கலாமா? எச்1பி விசாவில் இருப்பவருக்கு?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய அரசு லைசென்ஸ் கேட்பதில்லை. விற்கத் தொடங்கினால் நீங்கள் தயாரிப்பாளர், அதற்கு லைசென்ஸ் வேண்டும். எச்1பி விசாக்காரர் வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கு இல்லாமல் தோட்டாவைக் கையில் வைத்திருப்பதே குற்றம், வாங்குவது அப்புறம். வக்கீலைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கேள்வி: ஊருக்கு வரும்போது வெற்றுக் கூட்டில் கீசெயின் செய்து கொண்டுவரலாமா?
– அதே வாசகர்

பதில்: வேண்டாம் சாமி. 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் தோட்டாக் கணக்கில்தான் வரும். சென்னை ஏர்போர்ட்டில் ஸ்கேனர் முன்னால் நின்றுகொண்டு "வெறும் கூடுதான் சார்" என்று விளக்குவதற்குள் விடிந்துவிடும். மச்சானுக்குச் சாக்லேட் வாங்கி வாருங்கள்.