வழுக்கும் கண்மாய்க் கரைக்கு எவ்வளவு காற்று?

கேள்வி: அண்ணே, குன்றக்குடி பக்கம் கண்மாய்க் கரையில் மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். ஐப்பசி மழை விழுந்ததிலிருந்து முன் சக்கரம் வழுக்குகிறது. டயர் 2.2 இன்ச், டியூப் போட்டது, என் எடை 68 கிலோ. கடையில் காற்றழுத்தம் 45 பி.எஸ்.ஐ. வரும்படி அடிக்கிறார்கள். எவ்வளவு வைக்கலாம்?
– வாசகர், காரைக்குடி

பதில்: தம்பி, 45 தார் ரோட்டுக்குச் சரி, நனைந்த செம்மண்ணுக்கு ரொம்ப அதிகம். டயர் அவ்வளவு விறைப்பாக இருந்தால் சரளைக்கல் மேல் எகிறி எகிறித்தான் போகும். காற்றைக் குறைத்தால் டயர் கொஞ்சம் பரந்து படிந்து, அதன் மேல் புடைத்திருக்கும் ரப்பர் பட்டன்கள் கல்லையும் வேரையும் கவ்விக்கொள்ளும். முன்னால் 26, பின்னால் 29 வைத்துப் பாருங்கள், பின் சக்கரத்தில்தானே எடை அதிகம். அப்புறம் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. மட்டும் மாற்றி, அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் குறைந்த அளவுக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். கைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள், சின்னதாக ஒரு காற்று மீட்டர் வாங்கி, எப்போதும் அதிலேயே பாருங்கள்.

ஆனால் பிசுபிசுவென்று அப்புகிற சேறு வேறு கதை. பட்டன்களுக்கு நடுவே மண் அடைத்துவிட்டால் காற்றை எவ்வளவு இறக்கினாலும் பிடி வராது, அதற்குப் பட்டன்கள் தள்ளித் தள்ளி இருக்கும் டயர்தான் வேண்டும்.

பஞ்சரானால் டியூபைக் கழற்றிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன ஓட்டை இருந்தால் ரிம் கல்லில் இடித்து டியூபைக் கடித்திருக்கிறது, அந்தச் சக்கரத்துக்கு இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டிவிடுங்கள்.