பொது மருத்துவ எம்.டி. பயிற்சியில் மூன்று ஆண்டுகள் என்ன செய்வார்கள்?

எம்.பி.பி.எஸ். முடித்த உங்கள் மகள் பொது மருத்துவத்தில் எம்.டி. சேர்ந்தால் என்ன கற்பார் என்று கீழக்கரையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

நீட் முதுநிலைத் தேர்வு, கலந்தாய்வு, ஆய்வேடு, இறுதித் தேர்வு ஆகியவை எல்லோருக்கும் பொது. உண்மையான படிப்பு வார்டில்தான். காலையில் பேராசிரியர் வருவதற்கு முன்பே ஒவ்வொரு நோயாளியின் நிலையும் உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் கடற்கரையிலிருந்தே ஓர் உதாரணம். வலையிலிருந்து மீனைப் பிரிக்கும் மீனவரைக் கடல் பாம்பு கடிக்கிறது. கடிவாயில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசைவலி, சிறுநீர் கறுக்கிறது. தசை சிதைந்து, பொட்டாசியம் ஏறி, சிறுநீரகம் பழுதாகிறது. நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே உரியது. ஆகவே நரம்பு வழித் திரவம், டயாலிசிஸ், தேவைப்பட்டால் வென்டிலேட்டர் ஆகியவற்றைக் கொண்டுதான் உயிரைக் காக்க வேண்டும். கறுத்த சிறுநீரைப் பார்த்ததும் “கடலுக்குப் போனீர்களா, அண்ணே?” என்று கேட்கத் தோன்ற வேண்டும். அந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வராது, இரவுப் பணியிலிருந்து வரும்.

மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதப் பணியும் கட்டாயம். அதைச் சுமை என்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி. இராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. சேருவதற்கு முன் அங்குள்ள மருத்துவ வார்டை உங்கள் மகள் ஒருநாள் பார்த்து வரட்டும்.