கார் பேட்டரியை வீட்டிலேயே கழற்றி சார்ஜ் போடலாமா? கேள்வி பதில்

கேள்வி: ஒரு மாசமா காரை எடுக்கல சார். இப்ப செல்ஃப் போட்டா 'டிக் டிக்'னு சத்தம் மட்டும்தான் வருது. பேட்டரி போச்சா?

பதில்: அதுக்குள்ள முடிவு கட்டாதீங்க. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வச்சு அளந்து பாருங்க. 12.6 இருந்தா முழு சார்ஜ், 12.2 ஏறக்குறைய பாதி, 11.8க்குக் கீழ காலி. காலியாவே கிடந்தா தகடுல சல்பேட் இறுகிடும், அப்புறம் சார்ஜ் ஏறாது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: எந்த வயரை முதல்ல கழற்றணும் அண்ணா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பதில்: நெகட்டிவ்தான். காரோட பாடி முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவ் நட்டுல முதல்ல கை வச்சு, ஸ்பேனரோட மறுமுனை பாடியில பட்டுச்சுன்னா நூத்துக்கணக்கான ஆம்ப் ஸ்பேனர் வழியா பாயும். நெகட்டிவை எடுத்துட்டா அந்தப் பாதையே இல்ல. மாட்டும்போது பாசிட்டிவ் முதல்ல, நெகட்டிவ் கடைசி.

சாவியை எடுத்து அஞ்சு நிமிஷம் விடுங்க. மோதிரம், வாட்ச் கையில வேண்டாம். பெரும்பாலான கார்ல 10 நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றின நெகட்டிவ் கேபிள் திரும்பச் சரிஞ்சு டெர்மினலைத் தொடாம துணி சுத்தி ஒதுக்கி வைங்க. கிளாம்ப் வரலைன்னு ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க. டெர்மினல் ஈயம், அடியில ஆட்டம் கண்டா ஆசிட் கசியும். நட்டை நல்லா லூஸ் பண்ணி, இப்படியும் அப்படியும் திருகித் தூக்கினா வந்துடும். சாவியை டிக்கிக்குள்ள வச்சு மூடிடாதீங்க, பேட்டரி இல்லாம டிக்கி திறக்காம போகலாம், அது நடக்கிற விஷயம்தான்.

கேள்வி: டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா பூத்திருக்கு.

பதில்: ஒரு டம்ளர் தண்ணியில ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா. பழைய டூத் பிரஷால தேய்ங்க, நுரை நின்னதும் துடைங்க. பேட்டரிக்குள்ள ஒரு சொட்டும் இறங்கக் கூடாது. மாட்டின பிறகு மேலே வாசலின்.

கேள்வி: 35 ஏஎச் (ஆம்பியர் அவர், அதாவது கொள்ளளவு) பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டர்லயே மாட்டி சார்ஜ் போடலாமா?

பதில்: வேண்டாம். 150 ஏஎச் பேட்டரிக்கான இன்வெர்ட்டர் 10 ஆம்புக்கு மேலகூட தள்ளும். உங்களுக்கு ஏஎச்ல பத்துல ஒரு பங்கு, அதாவது 3.5 ஆம்ப் போதும். காலியான பேட்டரிக்கு 10, 12 மணி நேரம் ஆகும். தானா நிக்கிற ஆட்டோமேட்டிக் சார்ஜர் வாங்குங்க. சிக்னல்ல தானா இன்ஜின் அணையிற கார்னா ஏஜிஎம் பேட்டரியா (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில ஊற வச்ச வகை) இருக்கலாம், சார்ஜர்ல ஏஜிஎம் மோட் இருக்கான்னு பாருங்க.

முதல்ல கிளிப், அப்புறம் சுவிட்ச். எடுக்கும்போது சுவிட்சை அணைச்சுட்டுத்தான் கிளிப். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காத்துல 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், கிளிப் பொறி போதும். காத்தோட்டமான இடமா வைங்க, சமையலறை, பூஜையறை பக்கம் வேண்டாம். பேட்டரி தொட முடியாத சூடானா உடனே நிறுத்துங்க.

கேள்வி: தண்ணி ஊத்தணுமா?

பதில்: திறக்கிற மூடி இருந்தா மட்டும். டிஸ்டில்டு வாட்டர்தான், ஆர்ஓ தண்ணி ஆகாது. தகடு வெளிய தெரிஞ்சா மூழ்கிற அளவு ஊத்திட்டு சார்ஜ் போடுங்க. மீதியை சார்ஜ் முடிஞ்சு ஊத்துங்க. முன்னாடியே நிரப்பினா பொங்கி வழியும்.

கேள்வி: சார்ஜ் போட்டாலும் ரெண்டே நாள்ல இறங்கிடுது.

பதில்: சார்ஜ் முடிஞ்ச பேட்டரியை கார்ல மாட்டாம 12 மணி நேரம் வச்சு அளங்க. 10.5 பக்கம் நின்னா உள்ள இருக்கிற ஆறு செல்லுல ஒண்ணு ஷார்ட், புதுசுதான் வாங்கணும். 12.6 நின்னா கோளாறு கார்ல. இன்ஜின் ஓடும்போது 13.8லேர்ந்து 14.4 வரலைன்னா ஆல்டர்னேட்டரை (ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது) பாருங்க. அதுவும் சரின்னா, காரைப் பூட்டி அரை மணி விட்டு, நெகட்டிவ் டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்ப் துளையில மாட்டிப் பாருங்க. 50 மில்லி ஆம்புக்கு மேல காட்டினா ஃபியூஸை ஒவ்வொண்ணா பிடுங்குங்க, எதுல குறையுதோ அந்த லைன்ல கசியுது. வெளிய போட்ட டேஷ்கேம், மியூசிக் சிஸ்டத்தை முதல்ல சந்தேகப்படுங்க. மீட்டர் நடுவுல இருக்கும்போது செல்ஃப் போட்டுடாதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிடும்.