பெரிய தளம் தாக்கப்பட்டால் பங்குகளை விற்றுவிட வேண்டுமா?

கேள்வி: சொந்த இணையதளத்தில் பொருட்கள் விற்கிறேன். சேமிப்பில் ஒரு பகுதியைப் பெரிய இணைய வணிக நிறுவனம் ஒன்றின் பங்குகளில் போட்டிருக்கிறேன். பிரபல தளங்கள் மீது சைபர் தாக்குதல் என்று செய்தி வரும்போதெல்லாம் பதற்றமாக இருக்கிறது. உடனே பங்குகளை விற்றுவிடலாமா? என் தளத்தை எப்படிக் காப்பது?

பதில்: விற்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தளத்தை வெளியிலிருந்து முடக்கினார்களா, அல்லது உள்ளே புகுந்தார்களா? உங்கள் பணத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

முதல் வகை டிடாஸ் தாக்குதல். ஏராளமான கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் போலிக் கோரிக்கைகளைக் கொட்டி சர்வரைத் திணறடிப்பார்கள். 2000 பிப்ரவரியில் யாகூ, இபே, அமேசான், சிஎன்என் தளங்களை இப்படித்தான் சில மணி நேரம் முடக்கினார்கள். செய்தவன் கனடாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன். பங்குச் சந்தையில் அறிமுகமான அன்றைக்கே பை.காம் என்ற இணையக் கடையும் அடிவாங்கியது. 2018இல் மென்பொருள் எழுதுபவர்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தின் மீது விநாடிக்கு 1.35 டெராபிட் அளவுக்குத் தரவு வெள்ளம் பாய்ந்தது. சுமார் பத்து நிமிடத்தில் தளம் மீண்டுவிட்டது. ஒரு கடையின் தளம் இப்படி முடங்கினால் அந்த நேரத்து விற்பனை போகும், எரிச்சலடைந்த வாடிக்கையாளர்களில் சிலர் வேறு கடைக்குப் போவார்கள். இதற்காக மட்டும் ஒரு நல்ல நிறுவனத்தின் பங்கை நான் விற்கமாட்டேன். ஆனால், உள்ளே நுழைவதை மறைப்பதற்கும் சில சமயம் இந்தத் தாக்குதலைத் திரையாகப் பயன்படுத்துவதுண்டு. அதனால் அடுத்த சில நாள் செய்திகளையும் கவனியுங்கள்.

உள்ளே புகுந்திருந்தால் கதையே வேறு. மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டிவைக்கும் அமெரிக்க நிறுவனமான ஈக்விஃபேக்ஸிலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோனது 2017 செப்டம்பரில் வெளியானது. சில நாட்களிலேயே பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது, தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். 2019இல் குறைந்தது 57.5 கோடி டாலர் கொடுத்து வழக்குகளைத் தீர்க்க வேண்டிவந்தது. ஆனாலும் சுமார் இரண்டே ஆண்டுகளில் பங்கு பழைய விலையைத் தொட்டது. நிரந்தர நஷ்டம், அடிமட்ட விலையில் பதறி விற்றவர்களுக்குத்தான். எல்லா நிறுவனமும் இப்படி எழுந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். யாகூவில் முன்பே நடந்த தகவல் திருட்டுகள் வெளியான பிறகு, அதை வாங்கவிருந்த தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசன், பேசிய விலையில் 35 கோடி டாலரைக் குறைத்தது.

விற்பனை எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான் நான் முதலில் பார்க்கும் கணக்கு. 2025இல் பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் ஆறு வாரங்களுக்கும் மேல் இணைய ஆர்டர்களை நிறுத்திவைத்தது. லாபத்தில் சுமார் 30 கோடி பவுண்டு பாதிப்பு இருக்கும் என்று அந்த நிறுவனமே கணித்தது. எனவே வதந்திகளை விடுங்கள், நிறுவனம் பங்குச் சந்தைக்குக் கொடுக்கும் அறிக்கையைப் படியுங்கள். எந்த வகைத் தகவல் போனது, விற்பனை எப்போது தொடங்கும், காப்பீடு இருக்கிறதா என்று தேடுங்கள். அமெரிக்காவில் பட்டியலிட்ட நிறுவனங்கள், பாதிப்பு முக்கியமானது என்று முடிவுசெய்த நான்கு வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது.

இன்னொன்று: சந்தையே முடங்கலாம். 2020 ஆகஸ்டில் நியூசிலாந்து பங்குச் சந்தையில் டிடாஸ் தாக்குதலால் தொடர்ந்து நான்கு நாள் வர்த்தகம் தடைபட்டது. அவசரத்துக்குத் தேவைப்படும் பணத்தைப் பங்கில் வைக்காதீர்கள்.

இனி உங்கள் தளம். உங்களை யாரும் குறிவைக்காமலேயே நீங்கள் முடங்கலாம். 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் சேவை நிறுவனம் (தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் சர்வர் முகவரியைக் கண்டுபிடித்துக் கொடுப்பது டிஎன்எஸ்) தாக்கப்பட்டபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாடிஃபை எல்லாம் பலருக்கும் திறக்கவில்லை. ஹோஸ்டிங், டொமைன், பேமென்ட் கேட்வே என்று நீங்கள் யார் யாரை நம்பியிருக்கிறீர்கள் என எழுதிப்பாருங்கள். பணம் வாங்க இரண்டாவது வழி ஒன்றைத் தயாராக வையுங்கள். ஆர்டர் விவரங்களும் வாடிக்கையாளர் பட்டியலும் தளத்துக்கு வெளியே, இணையத்தோடு இணையாத பேக்கப்பிலும் இருக்கட்டும். அதிலிருந்து தளத்தை மீட்டெடுக்க முடிகிறதா என்று ஒருமுறை செய்துபாருங்கள். கார்டு எண்களை நீங்கள் சேமிக்கவே வேண்டாம். நிர்வாகக் கணக்குகளுக்கு இரு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம்.

பெரிய தளத்தில் பாஸ்வேர்டுகள் திருடுபோனால், அடுத்து உங்கள் தளத்திலும் அவற்றைப் போட்டுப்பார்ப்பார்கள். பலரும் எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டைத்தான் வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தி வந்த அன்றே வாடிக்கையாளர்களைப் பாஸ்வேர்டு மாற்றச் சொல்லுங்கள். சில முறை தவறாக உள்நுழைய முயன்றால் கணக்கு தற்காலிகமாகப் பூட்டிக்கொள்ளும்படி உங்கள் டெவலப்பரிடம் சொல்லி இந்த வாரமே அமைத்துவிடுங்கள்.