பதிவு செய்த உயில் என்றால் அசைக்கவே முடியாதா?

கேள்வி: எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பா 81 வயதில் காலமானார். கடைசி ஏழு மாதம் பக்கவாதம். பேச்சு குழறும், ஆனால் ஆட்களை அடையாளம் தெரியும். அண்ணன் பட்டா மாற்றியதை அறிந்து விசாரித்தபோதுதான் உயில் இருப்பதே தெரிந்தது. இறப்பதற்கு 40 நாள் முன்பு பதிவாகியிருக்கிறது. வீடும் இரண்டு ஏக்கர் நஞ்சையும் அண்ணனுக்கே. அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கும் தங்கைக்கும் ஒன்றுமில்லை. காலமெல்லாம் கையெழுத்துப் போட்ட அப்பா, உயிலில் இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறார். சாட்சிகளில் ஒருவர் அண்ணனின் மச்சான், இன்னொருவர் பத்திர எழுத்தரிடம் வேலை பார்ப்பவர். "பதிவான உயில், ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: இல்லை, சகோதரி. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். அதேபோல, பதிவு செய்துவிட்டதாலேயே அது உண்மை என்றும் ஆகிவிடாது. பதிவு உயிலுக்கு ஓரளவு பலம் சேர்க்கும், அவ்வளவுதான்.

ஆனால் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பெற்ற பெண்களுக்கு எதுவும் தரவில்லை" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கு ஜெயிக்காது. இயற்கையான வாரிசுகளுக்குப் பங்கு போகாமல் தடுக்கத்தானே பெரும்பாலும் உயிலே எழுதப்படுகிறது? அது மட்டும் சந்தேகத்துக்குக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அம்மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லாதது வேறு விஷயம். கூடவே வாழ்ந்த மனைவி எங்கே இருப்பாள், எதைச் சாப்பிடுவாள் என்று நினைக்காமல் ஒரு மனிதர் உயில் எழுதுவாரா என்ற கேள்வி நீதிபதி மனதில் தானாக வரும்.

இதில் உங்களுக்குச் சாதகமானது, நிரூபிக்கும் சுமை உங்கள் அண்ணன் தலையில் இருப்பது. 1959-ல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிதான் இன்றும் நடக்கிறது: உயிலை முன்வைப்பவரே அதை நிரூபிக்க வேண்டும், அதைச் சுற்றிச் சந்தேகமான சூழ்நிலைகள் இருந்தால் அவற்றையும் அவரே விளக்கிப் போக்க வேண்டும். எழுதியவர் உயிரோடு வந்து "ஆமாம், நான் எழுதியதுதான்" என்று சொல்ல முடியாத ஆவணம் அல்லவா. உடம்பு தளர்ந்த நேரம், பழக்கமில்லாத ரேகை, சொத்தை வாங்குபவரே முன்னின்று ஏற்பாடு செய்தது, மறைத்து வைத்திருந்தது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அப்பாவை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு யார் அழைத்துப் போனார், யார் வாசகம் சொல்லி எழுதவைத்தார் என்று விசாரியுங்கள். அண்ணன்தான் என்றால் அவர் நிறையப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது சாட்சிகள். என் அனுபவத்தில் உயில் வழக்குகள் விழுவதும் நிற்பதும் இங்கேதான். இந்திய வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 63-ன்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதியவர் கையெழுத்தோ ரேகையோ வைப்பதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என்னுடையதுதான்" என்று அவர் வாயால் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சாட்சியும் அவர் முன்னிலையிலேயே கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டியதில்லை. வழக்கு என்று வந்தால், உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றியாக வேண்டும். முன்பு சாட்சியச் சட்டம் பிரிவு 68, இப்போது 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 67. வருகிற அந்த ஒருவர், மற்ற சாட்சியும் முறைப்படி கையெழுத்திட்டதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். "நான் போட்டேன், அவர் எப்போது போட்டார் என்று தெரியாது" என்றால் போதாது.

ஒரு வழக்கு சொல்கிறேன். நான் உயிலுக்காக வாதாடிய பக்கம். பதிவு, போட்டோ, டாக்டர் சான்று எல்லாம் பக்காவாக இருந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாக, "பெரியவர் எதில் வீட்டுக்குப் போனார்?" என்று கேட்டார். "ஆட்டோவில்." "நீங்கள்?" "எதிரே டீக்கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்." ஆட்டோ போன பிறகு டீக்கடையில் போட்ட கையெழுத்து, பெரியவர் முன்னிலையில் போட்டது ஆகுமா? அங்கேயே முடிந்தது. என் கட்சிக்காரர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

மச்சான் சாட்சி என்பதாலேயே உயில் செல்லாமல் போகாது. அவர் சொல்வதைக் கோர்ட் கொஞ்சம் கூடுதலாக உரசிப் பார்க்கும். சார்பதிவாளரைச் சாட்சியாக்குவார்களோ என்ற பயமும் வேண்டாம். ரேகை வைப்பதைக் கண்ணால் பார்த்து, சாட்சியாக நிற்கும் எண்ணத்தோடு அவர் கையெழுத்திட்டிருந்தால் ஒழிய, பதிவு வேலைக்காகப் போட்ட கையெழுத்து அந்த இடத்தை நிரப்பாது.

சரி, ரேகைக்கு வருவோம். பக்கவாதம் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. வலப்பக்கம் என்றால் ஏன் ரேகை என்பதற்கு அண்ணனிடம் பதில் தயார். இடப்பக்கம் என்றால், நன்றாக இருந்த வலது கையால் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று அவர் விளக்கியாக வேண்டும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். அந்த ஏழு மாதத்தில் அப்பா பென்ஷன் எடுக்க வங்கிச் சீட்டில் கையெழுத்துப் போட்டாரா, ரேகை வைத்தாரா? அந்தச் சீட்டுகள் பத்து சாட்சிகளுக்குச் சமம்.

நிலம் யாருடையது என்பதையும் பாருங்கள். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் அப்பா தன் பங்கை மட்டும்தான் உயிலில் கொடுக்க முடியும். உங்கள் பங்கைத் தொட முடியாது. ஆனால் தாத்தாவிடமிருந்து வந்தாலே பூர்வீகம் ஆகிவிடாது. தாத்தா தானாகச் சம்பாதித்தது, 1956-க்குப் பிறகு அவர் காலமாகி அப்பாவுக்கு வந்தது என்றால் அது அப்பாவின் தனிச்சொத்து. ஆகவே தாத்தாவின் இறப்புத் தேதியும் மூலப்பத்திரமும் வேண்டும்.

செய்ய வேண்டியது பாகப்பிரிவினை வழக்கு. அதிலேயே உயில் கேள்வியும் தீர்மானமாகும். பட்டாவை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம், பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது. ஒரு எச்சரிக்கை: "ரேகையே அப்பாவுடையது இல்லை", "மிரட்டி வாங்கினார்கள்", "அப்பாவுக்கு நினைவே இல்லை" என்று மூன்றையும் மனுவில் அள்ளிக் கொட்டாதீர்கள். மிரட்டல் என்றால் அதை நிரூபிக்கும் சுமை உங்களிடம் வந்துவிடும்; ரேகை பொய் என்றும் மிரட்டி வாங்கியது என்றும் சேர்த்துச் சொன்னால் ஒன்று மற்றதைக் கெடுக்கும். ஆட்களை அடையாளம் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதையும் மறந்துவிடாதீர்கள்.

பதிவான உயில் வில்லங்கச் சான்றில் வராது. எழுதியவர் இறந்த பிறகு யார் மனுப் போட்டாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். முதலில் அதை வாங்குங்கள். வாங்கியதும் சாட்சிகள் பெயருக்குக் கீழே உள்ள தேதியை, பதிவுத் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.